யூனியாவுக்கு ஒரு 'ள்' வேண்டும்

தமிழ் வேதாகமத்தைத் திருத்தும் பொறுப்பிலும் மறுபதிப்பிடும் பொறுப்பிலும் இருக்கிற மொழிபெயர்ப்புக் குழுவினருக்கு வணக்கம்.

ஹென்றி பவர் ஐயர் தலைமையில் 1871இல் முடிந்த மொழிபெயர்ப்பைத்தான் இன்றும் நம் சபைகளில் பெரும்பாலானோர் கையில் வைத்திருக்கிறார்கள். அதில் ரோமர் 16:7இல், பவுல் வாழ்த்துகிற யூனியா என்ற பெண்ணின் பெயரில் ஓர் எழுத்து குறைகிறது என்பது என் வாதம். ஒரே ஓர் ஒற்று, 'ள்'. அடுத்த பதிப்பில் அதைச் சேர்க்க வேண்டும் என்று கேட்பதற்கே இந்த மடல். தனியாக உங்களுக்கு எழுதிவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் இந்த வசனத்தை வாசிக்கிற எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

ரோமர் 16 பிரசங்கத்துக்கு அதிகம் எடுக்கப்படாத அதிகாரம். முக்கால்வாசி பெயர்ப்பட்டியல்தான். இன்னாரை வாழ்த்துங்கள், இன்னாரை வாழ்த்துங்கள் என்று பவுல் சொல்லிக்கொண்டே போகிறார். வாசிக்க எழுந்தவர் பாடு பெரும்பாடு: அசிங்கிரீத்து, பிலெகோன், பத்திரோபா என்று நாக்கு தடுக்கும். அந்த அவசரத்தில் ஏழாம் வசனத்தில் வரும் "அன்திரோனீக்கையும் யூனியாவையும்" என்ற இரண்டு பெயர்களும் சத்தமில்லாமல் கடந்துபோய்விடும். கேட்பவர் மனதில் இரண்டு ஆண்கள் பதிவார்கள். அவர்கள் தவறாகக் கேட்கவில்லை. உங்கள் எழுத்து அப்படித்தான் கேட்க வைக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். பழைய மொழிபெயர்ப்பில் பெயர்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மூலத்தில் 'ஆ' ஒலியில் முடியும் பெண் பெயர் தமிழில் பொதுவாக 'ஆள்' என்று முடியும். சாராள், ரெபெக்காள், லேயாள், மரியாள், மார்த்தாள், தபீத்தாள், லீதியாள். அதே ஒலியில் முடியும் ஆண் பெயர் 'ஆ' என்றே நிற்கும். ஏசாயா, எரேமியா, யோனா, லூக்கா, பர்னபா, சீலா. இந்த ஒழுங்கைக் குழு எவ்வளவு கவனமாகக் கடைப்பிடித்தது என்று பார்க்க ஆசையிருந்தால் எண்ணாகமத்துக்குப் போங்கள். பேழை கட்டியவர் நோவா. செலொப்பியாத்தின் மகள்களில் ஒருத்தி நோவாள். ராஜாக்களின் புத்தகத்தில் மகன் அகசியா, தாய் அத்தாலியாள். லூக்கா 8:3இல் கணவன் கூசா, மனைவி யோவன்னாள். தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை இது. எனக்கு இதில் மரியாதை உண்டு.

இப்போது ரோமர் 16க்குத் திரும்புவோம். மூன்றாம் வசனத்தில் பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும். அவள் ஆள், அவன் ஆ. ஆறாம் வசனத்தில் மரியாள். பன்னிரண்டாம் வசனத்தில் திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள். ஆண்கள் பக்கம் அம்பிலியா, எர்மா, ஒலிம்பா. இந்த வரிசைக்கு நடுவில், மரியாளுக்கு அடுத்த வசனத்தில், அம்பிலியாவுக்கு முந்திய வசனத்தில், யூனியா. 'ள்' இல்லை. அப்படியானால் ஆண் என்று அந்த அதிகாரமே வாசகருக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

வசனத்தில் வேறு எங்காவது பால் தெரியுமா என்றால் தெரியாது. "இனத்தார்", "கட்டுண்டவர்கள்", "அவர்கள்", "பெயர்பெற்றவர்கள்" எல்லாம் பலர்பால். கிரேக்கத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே பன்மைச் சொற்கள் ஆண்பால் வடிவில் இருக்கின்றன. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்தாலே கிரேக்கம் ஆண்பால் பன்மைக்குப் போய்விடும் என்பதால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆக, பால் தெரிய ஒரே இடம் பெயரின் கடைசி எழுத்து. "ளஃகான் ஒற்றே மகடூஉ அறிசொல்" என்று தொல்காப்பியம் சொன்னது வினைச்சொல்லின் ஈற்றுக்கான இலக்கணம்; 'ள்' என்ற ஒற்று பெண்பாலைக் காட்டும் என்பது அதன் பொருள். வேதாகமத் தமிழில் அது அயல் பெயர்களுக்கும் வேலை செய்கிறது.

சரி, மூலத்தில் அவர் பெண்தானா? இங்கேதான் சுவாரசியம் தொடங்குகிறது.

பவுல் எழுதிய வடிவம் 'இயூனியான்'. வாழ்த்தப்படுகிறவர் செயப்படுபொருள் என்பதால் இரண்டாம் வேற்றுமை. கடைசியில் நிற்கும் 'ன்' கிரேக்க வேற்றுமை உருபு. நம் காதுக்கு அது ஆண்பால் போல ஒலிப்பது தற்செயல், அதை மறந்துவிடலாம். சிக்கல் என்னவென்றால், எழுவாய் வடிவம் 'இயூனியா' என்ற பெண் பெயராக இருந்தாலும் 'இயூனியாஸ்' என்ற ஆண் பெயராக இருந்தாலும் இரண்டாம் வேற்றுமையில் எழுத்துகள் ஒன்றேதான். வேறுபடக்கூடியது அழுத்தக் குறி மட்டும். 'னி'யின் மேல் கூர்க்குறி இருந்தால் பெண் பெயராகக் கொள்வது வழக்கம். கடைசி 'ஆ'வின் மேல் வளைகுறி இருந்தால் ஆண் பெயர், 'யூனியானுஸ்' என்ற நீண்ட இலத்தீன் பெயரின் சுருக்கம். பவுல் காலத்திலும் அதற்குப் பின் சில நூற்றாண்டுகளும் கையெழுத்துப் படிகளில் பொதுவாக அழுத்தக் குறி போடும் வழக்கமே இல்லை. ஏறக்குறைய 9ஆம் நூற்றாண்டிலிருந்து சிற்றெழுத்தில் படியெடுத்தவர்கள் குறிகளை ஒழுங்காக இட்டார்கள். இட்டவர்கள் இந்த இடத்தில் கூர்க்குறியைத்தான் இட்டார்கள்.

குறி ஒன்றை வைத்தே வழக்கை முடித்துவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எலியாவின் பெயரைப் போல, கூர்க்குறியோடு இரண்டாம் வேற்றுமை ஏற்கும் ஆண் பெயர்களும் கிரேக்கத்தில் உண்டு. எனவே கேள்வி இலக்கணத்தைத் தாண்டி வழக்குக்குப் போகிறது: அந்தக் காலத்து ரோமில் யாருக்கு இந்தப் பெயர் இருந்தது?

யூனியா என்பது ரோமின் பழைய குடிப்பெயர். யூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸ் அந்தக் குடிதான், யூனியுஸ். அந்தக் குடியின் பெண்களும், அந்த வீடுகளில் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற பெண்களும் யூனியா என்ற பெயரோடு இருந்தார்கள். ரோம் நகரக் கல்வெட்டுகளில் மட்டும் 250க்கும் மேற்பட்ட இடங்களில் இந்தப் பெண் பெயர் கிடைக்கிறது. 'யூனியாஸ்' என்ற ஆண் பெயர்? கல்வெட்டிலும் இல்லை, இலக்கியத்திலும் இல்லை. இந்த வசனத்துக்காகவே கற்பிக்கப்பட்ட பெயர் அது. சில்வானு சீலா ஆனதுபோல, எப்பாப்பிரோதீத்து எப்பாப்பிரா ஆனதுபோல, யூனியானுஸ் யூனியாஸ் ஆகியிருக்கலாமே என்பார்கள். ஆகியிருக்கலாம்தான். ஆனால் சீலா என்றும் எப்பாப்பிரா என்றும் உண்மையிலேயே ஆட்கள் இருந்ததற்குச் சான்று இருக்கிறது. இதற்கு இல்லை. எபிரேயப் பெயர் ஒன்றின் கிரேக்க வடிவமாக இருக்கலாம் என்று 2008இல் ஓர் ஆய்வாளர் வாதிட்டார். புத்திசாலித்தனமான வாதம். கையருகே நூற்றுக்கணக்கில் ஒரு பெண் பெயர் கிடக்கும்போது அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பதே என் பதில்.

கிரேக்கத்தைத் தாய்மொழியாகப் பேசியவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது இதைவிட முக்கியம். பொன்வாய் என்று பெயரெடுத்த யோவான் கிறிசோஸ்தம் 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோமர் நிருபத்துக்குத் தொடர் பிரசங்கம் செய்தார். இந்த வசனத்துக்கு வரும்போது, அப்போஸ்தலராயிருப்பதே பெரிது, அவர்களுக்குள்ளும் பேர்பெற்றிருப்பது எவ்வளவு பெரிய புகழ்ச்சி என்று வியக்கிறார். அப்புறம், அப்போஸ்தலர் என்ற பெயருக்குப் பாத்திரமாக எண்ணப்படும் அளவுக்கு இந்தப் பெண்ணின் ஞானம் எத்தகையது என்கிறார். கிறிசோஸ்தம் பெண்களின் பக்கம் சாய்ந்து பேசுகிற ஆள் என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. அவருடைய மற்ற பிரசங்கங்களை வாசித்தவர்களுக்குத் தெரியும். இருந்தும் இந்தப் பெயரில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. கி.பி. 200ஐ ஒட்டிய, நாணற்புல் தாளில் எழுதிய 46ஆம் பாப்பிரஸ் படியில் 'யூலியா' என்று எழுதியிருக்கிறது. படியெடுத்தவர் ஓர் எழுத்தைப் பிசகியிருக்கலாம். ஆனால் அவர் எழுதியதும் பெண் பெயரே. கிழக்குத் திருச்சபைகள் இன்றும் மே 17இல் அன்திரோனீக்கையும் யூனியாவையும் சேர்த்தே நினைவுகூர்கின்றன.

பிறகு எப்படி ஆண் ஆனார்? இடைக்காலத்தில் மேற்கே சிலர் ஆணாக வாசிக்கத் தொடங்கினார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமின் ஏஜிதியுஸ் என்ற இறையியலாளர் இருவரையும் ஆண்களாகவே எழுதுகிறார். 1522இல் லூத்தர் தம் ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் ஆண்பாலாக்கினார். ஆனால் கிரேக்க அச்சுப் பதிப்புகள் அசையவில்லை. 1516இல் எராஸ்முஸ் அச்சிட்டதிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறக்குறைய எல்லாப் பதிப்புகளிலும் கூர்க்குறிதான். பவர் ஐயரின் குழு முன் இருந்திருக்கக்கூடிய கிரேக்கமும் அதுதான், அவர்கள் பார்த்திருக்கக்கூடிய 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்திலும் யூனியா என்றே இருக்கிறது. மாற்றம் வந்தது 1927இல். எர்வின் நெஸ்லே தம் தந்தை தொடங்கிய கிரேக்கப் பதிப்பின் 13ஆம் பதிப்பில் வளைகுறியை மேலே ஏற்றி, கூர்க்குறியை அடிக்குறிப்புக்கு இறக்கினார். புதிய கையெழுத்துப் படி எதுவும் கிடைத்து வந்த மாற்றம் அல்ல. அதன் பிறகு உலகெங்கும் மொழிபெயர்ப்பாளர்கள் பயன்படுத்திய நூலே அது என்பதால், 1946இல் வந்த திருத்தப்பட்ட ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில் மூலத்தில் இல்லாத 'ஆண்கள்' என்ற சொல்லே நுழைந்துவிட்டது. 1998இல் அதே கிரேக்கப் பதிப்பின் மறு அச்சில் கூர்க்குறி திரும்ப வந்தது. எழுபது ஆண்டு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சான்று, அந்தக் கிரேக்கப் பதிப்புக் குழுவின் விளக்க நூலில் புரூஸ் மெட்ஸ்கர் நேர்மையாகப் பதிந்திருப்பது. அப்போஸ்தலர் என்று அழைக்கப்பட்டவர்களில் ஒரு பெண் இருந்திருக்க வாய்ப்பில்லை என்று குழுவில் சிலர் கருதியதால் ஆண் பெயராக எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறார். கவனியுங்கள்: பெயர் ஆண் என்பதற்குச் சான்று கிடைத்து முடிவு வரவில்லை. முடிவு முன்னே நின்றது, பெயர் பின்னே வளைந்தது.

நம் குழு இந்த வாதங்களில் எதையும் மனதில் வைத்து 'ள்'ளை விட்டது என்று நான் சொல்லவில்லை. அச்சுக் கோத்தவர் விட்டிருக்கலாம், படியெடுத்தவர் விட்டிருக்கலாம். காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே.

அடுத்தது, அந்த வசனத்தின் இரண்டாம் பாதி. இங்கே உங்கள் குழுவை நான் பாராட்ட வேண்டும். "அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். கிரேக்கத்தில் 'எபிசேமோய் என் தொய்ஸ் அப்போஸ்தலொய்ஸ்'. 'சேமா' என்றால் அடையாளம், முத்திரை. எபிசேமோஸ் என்றால் முத்திரை பதிந்தது, எடுப்பாகத் தெரிவது, பேர்போனது. புதிய ஏற்பாட்டில் இந்தப் பெயரடை இரண்டே இடத்தில் வருகிறது. ஒன்று இது. இன்னொன்று மத்தேயு 27:16, அங்கே பேர்போனவன் பரபாஸ். நல்ல பேரோ கெட்ட பேரோ, சொல் ஒன்றுதான். ஒன்றுக்குப் "பேர்போன", மற்றதற்குப் "பெயர்பெற்ற" என்று நம் மொழிபெயர்ப்பு பிரித்த நயம் அருமை.

சர்ச்சை 'என்' என்ற முன்னிடைச்சொல்லில். 2001இல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். எபிசேமோஸ் ஆறாம் வேற்றுமையோடு வந்தால் 'அவர்களில் சிறந்தவர்' என்றும், 'என்' என்பதோடு வந்தால் 'அவர்களுக்கு நன்கு தெரிந்தவர்' என்றும் பொருள்படும் என்பது அவர்கள் வாதம். அதே ஆண்டு வெளிவந்த ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பு 'அப்போஸ்தலருக்கு நன்கு அறிமுகமானவர்கள்' என்றே எழுதியது. அதாவது யூனியா பெண்தான், ஆனால் அப்போஸ்தலர் அல்ல, அப்போஸ்தலருக்குத் தெரிந்தவர்.

தமிழில் இந்த வேறுபாட்டை விளக்குவது சுலபம். 'மாணவர்களிடையே பெயர்பெற்ற ஆசிரியர்' என்றால் அவர் மாணவர் அல்ல. 'ஆசிரியர்களுள் பெயர்பெற்றவர்' என்றால் அவரும் ஆசிரியர். நம் 'இடையே' இரண்டுக்கும் இடம் கொடுக்கும், 'உள்' கொடுக்காது. கிரேக்க 'என்' நம் 'இடையே' போல இரண்டு பக்கமும் திரும்பக்கூடியது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'என்' வந்தாலே வெளியாள் என்ற விதி நிற்கவில்லை. 2ஆம் நூற்றாண்டு நையாண்டி எழுத்தாளர் லூசியன், விருந்தில் புகழ்பாடுகிறவர்களில் நீ எடுப்பாகத் தெரிவாய் என்று சொல்லுமிடத்தில் இதே அமைப்பைத்தான் கையாள்கிறார். அங்கே பேசப்படுகிறவன் புகழ்பாடுகிறவர்களில் ஒருவன். வெளியாள் அல்ல. இதைவிட எனக்குப் பெரிது கிறிசோஸ்தம் சாட்சி. அந்த மொழியில் பிறந்து அந்த மொழியில் பிரசங்கம் செய்தவருக்கு இந்தத் தொடர் உள்ளடக்கும் பொருளில்தான் காதில் விழுந்தது.

ஒரு சந்தேகம் எனக்கு நெடுநாளாக உண்டு. இரண்டு ஆண்கள் என்று வாசித்த காலத்தில் இவர்கள் அப்போஸ்தலர்களா இல்லையா என்று இவ்வளவு நுணுக்கமாகக் கேட்டவர்கள் குறைவு. ஒருவர் பெண் என்று கல்வெட்டுகள் காட்டிய பிறகுதான் 'என்'னின் மேல் இவ்வளவு வெளிச்சம் விழுந்தது. எழுதியவர்களின் நோக்கத்தை நான் பழிக்கவில்லை, காலவரிசையைச் சொல்கிறேன்.

பன்னிருவரில் ஒருத்தி என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அப்போஸ்தலர் என்ற சொல் புதிய ஏற்பாட்டில் விரிவாகவே புழங்குகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 14:14இல் பர்னபாவும் அப்போஸ்தலர். பிலிப்பியர் 2:25இல் எப்பாப்பிரோதீத்துவுக்கும் கிரேக்கத்தில் அதே சொல்தான், நீங்கள் அங்கே "ஸ்தானாபதி" என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். இதிலும் ஒரு மடலுக்கு விஷயம் இருக்கிறது. பெபேயாளுக்கு முதல் வசனத்தில் "ஊழியக்காரி" என்றும், அதே கிரேக்கச் சொல்லுக்கு 1 தீமோத்தேயு 3:8இல் "உதவிக்காரர்" என்றும் எழுதியிருப்பதும் அப்படித்தான். இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பதா வேண்டாமா என்ற விவாதத்தையும் இதில் இழுக்க விரும்பவில்லை. அதற்கு எதிர்ப்பு சொல்கிறவர்கள்கூடப் பெயரைச் சரியாக எழுத மறுக்க முடியாது.

நீங்கள் சொல்லக்கூடிய ஆட்சேபங்கள் எனக்குத் தெரியும். மக்கள் மனப்பாடமாக வைத்திருக்கிற வாசகத்தில் கைவைக்கக் கூடாது என்பீர்கள். 23ஆம் சங்கீதத்தில் ஓர் எழுத்தை மாற்றினால் நானே முதல் ஆளாகச் சண்டைக்கு வருவேன். ரோமர் 16:7ஐ மனப்பாடம் செய்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கிரேக்கத்தில் 'ள்' கிடையாதே என்பீர்கள். மரியாளுக்கும் கிடையாது. இப்போதைய தமிழில் பெண் பெயரை 'ஆள்' என்று முடிப்பது பழைய பாணி, பொது மொழிபெயர்ப்பில் மரியா, மார்த்தா என்றே எழுதுகிறார்களே என்றால், உண்மைதான். அங்கே எல்லாப் பெண்களுக்கும் 'ள்' இல்லை, ஆகவே யாருக்கும் அநீதி இல்லை. அந்த வாசகருக்கு ஓர் அடிக்குறிப்பு போதும். உங்கள் பதிப்பிலோ மற்ற பெண்களுக்குக் கொடுத்துவிட்டு ஒருத்திக்கு மட்டும் மறுத்திருக்கிறீர்கள்.

எனவே நான் கேட்பது சிறியது. அடுத்த அச்சில் "அன்திரோனீக்கையும் யூனியாளையும்" என்று போடுங்கள். "அப்போஸ்தலருக்குள்" என்பதைத் தொடாதீர்கள். பிற்காலத் திருத்தம் ஏதாவது ஆங்கிலத்தைப் பார்த்து 'அப்போஸ்தலருக்கு அறிமுகமானவர்கள்' என்று மாற்ற முனைந்தால் தடுத்து நிறுத்துங்கள், விருப்பமானால் அந்தக் கருத்தை அடிக்குறிப்பில் கொடுங்கள். பெயரை ஆணாக வாசித்தவர்களும் உண்டு என்று இன்னொரு குறிப்பு போட்டாலும் எனக்கு வருத்தமில்லை. வாசகர் எடைபோட்டுக்கொள்வார்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். 1871க்கு முந்திய திருத்தக் கூட்டங்களின் குறிப்பேடுகளோ, கைப்பிரதிகளோ, மெய்ப்புத் தாள்களோ உங்கள் காப்பகத்தில் இருந்தால், ரோமர் 16க்குரிய பக்கங்களை மட்டுமாவது படமெடுத்து வெளியிடுங்கள். சீகன்பால்கு 1715இல் தரங்கம்பாடியில் அச்சிட்ட புதிய ஏற்பாட்டிலும், ஃபப்ரிசியுஸின் 1772ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இந்தப் பெயர் எப்படி இருக்கிறது என்று பக்கத்திலேயே வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது. அந்த 'ள்' எந்தப் பதிப்பில் காணாமல் போனது, அல்லது எப்போதுமே இருந்ததில்லையா என்று தமிழ் வாசகர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு வேதாகம வாசகன்